சில்லறை கட்டினால் கட்டணம்: அம்மாவின் கணக்கில் போட்டுத் தப்பிப்பது தவறா?

கழிப்பிடக் குத்தகைக்காரர், திண்டுக்கல் மாவட்டம்

வணக்கம். ஒரு நகராட்சிப் பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பிடத்தை ஏலம் எடுத்து நடத்துகிறேன். ஐந்து ஆண்டுகளாகிறது. ஆளுக்கு ஐந்து ரூபாய், குளிக்க இருபது. ஸ்கேன் செய்யும் அட்டையையும் மேசையில் வைத்திருக்கிறேன். ஆனால் அவசரமாக வருகிறவர் கைப்பேசியையா எடுப்பார்? சட்டைப் பையில் கிடக்கும் ஐந்து ரூபாய்க் காசை மேசையில் வைத்துவிட்டு ஓடுவார். சரியான சில்லறையாகவே வருவதால் நான் யாருக்கும் பாக்கி தர வேண்டியதில்லை. உள்ளே வருகிற காசு வெளியே போக வழியின்றிக் குவிகிறது. வாரம் பத்தாயிரம் ரூபாய் நாணயமாகவே சேரும். தராசில் வைத்துப் பார்த்தேன், பதின்மூன்று கிலோ.

தொழிலுக்காக ஒரு தனியார் வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். முன்பு நாணயம் கட்ட எதுவும் பிடிக்கவில்லை. போன ஆண்டு கட்டண அட்டவணையை மாற்றிவிட்டார்கள். ஒரு தடவைக்கு நூறு நாணயம் வரை இலவசம், அதற்கு மேல் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. முதல் வாரமே 560 ரூபாய் 50 காசு பிடித்தார்கள். எங்களிடம் தூய்மைப் பணி செய்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய். ஒன்றரை நாள் கூலி ஒரு கையெழுத்தில் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தது இது. அம்மாவுக்கும் மனைவிக்கும் ஓர் அரசு வங்கியில் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அங்கே நாணயத்துக்குக் கட்டணம் இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மா நான்காயிரம், வெள்ளிக்கிழமை மனைவி நான்காயிரம் கட்டுவார்கள். மறுநாள் அந்தப் பணத்தை என் நடப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்வேன். எட்டு மாதங்களாக இப்படித்தான் நடக்கிறது. ஒரு பைசாவும் மறைக்கவில்லை, யாருடைய காசையும் எடுக்கவில்லை. இருந்தும் சலானில் அம்மா கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்துகிறது. இது தவறா?

வங்கி ஊழியர், கோவை

தனியார் வங்கியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் வங்கி எது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். எங்கள் பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பதின்மூன்று கிலோவைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். அதை ஒருவர் பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், பையில் கட்ட வேண்டும், பெட்டகத்தில் இடம் பார்க்க வேண்டும். பிறகு வண்டி வைத்து அனுப்ப வேண்டும். ஒரு லட்சத்தை 500 ரூபாய்த் தாளாகக் கொண்டுவந்தால் 200 தாள், இயந்திரத்தில் சில நொடி வேலை. அதே ஒரு லட்சம் ஐந்து ரூபாய் நாணயமாக வந்தால் 20,000 நாணயம். கிளை வாசலில் இருக்கும் பணம் செலுத்தும் இயந்திரம் தாளை மட்டும்தான் வாங்கும். ஆகவே இது கைவேலை. கைவேலைக்குக் கூலி கேட்பதில் என்ன பிழை?

சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் அம்மா ஒப்புக்கொண்டதை நீங்கள் மீற வைக்கிறீர்கள். உறுத்தல் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

நெல்லை மளிகை

தம்பி, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாணயத்தை அடிப்பது அரசாங்கம். அதைப் புழக்கத்தில் விடுவது ரிசர்வ் வங்கி. நாம் வாங்க மாட்டோம் என்று சொன்னால் சட்டப்படி தவறு என்கிறார்கள். நம்மிடமிருந்து திருப்பி வாங்க மட்டும் காசு கேட்பார்களா? பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன். பாக்கியில் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள். பதினான்கு வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அந்தச் செய்தியை வெட்டிக் கடையில் ஒட்டிவைத்தேன். படித்துவிட்டு, "தாளாகக் கொடுங்கள் அக்கா" என்றுதான் சொன்னார்கள்.

தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் 2022-இல் ஆறு லட்ச ரூபாய் காரைப் பத்து ரூபாய் நாணயமாகவே கொடுத்து வாங்கினாரே, நினைவிருக்கிறதா? அவர் அம்மாவும் கடை வைத்திருந்தவர்தான். யாரும் வாங்காத காசு வீட்டில் குவிந்துகிடந்த ஆற்றாமையில் செய்தார். அந்தக் குடும்பத்தின் மனம் எனக்குப் புரிகிறது.

சட்டக் கல்லூரி மாணவி

இரண்டு சட்ட விவரங்கள், பேச்சுக்கு உதவும் என்பதால்.

2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ஆறாம் பிரிவின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலான நாணயங்களும் 1,000 ரூபாய் வரைதான் சட்டப்படி ஏற்கத்தக்க பணம். 50 காசு என்றால் பத்து ரூபாய் வரைதான். கடனைத் தீர்க்க ஆயிரத்துக்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் வாங்குகிறவர் மறுக்கலாம். ஆனால் வங்கியில் கட்டுவது வேறு. வாடிக்கையாளர் கணக்கில் நாணயம் கட்ட உச்சவரம்பு கிடையாது, வங்கிகள் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி தன் கேள்வி பதில் பகுதியில் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, 2006-ஆம் ஆண்டின் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம். எந்தெந்தக் குறைகளுக்குப் புகார் தரலாம் என்று அதில் பட்டியல் இருந்தது. "போதிய காரணமின்றி நாணயங்களை ஏற்க மறுப்பது, அதற்குக் கமிஷன் வாங்குவது" என்ற பொருளில் ஒரு தனி வரியே இருந்தது. 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு "சேவைக் குறைபாடு" என்று பொதுவாக வைத்துவிட்டார்கள். நாணயத்துக்குக் கமிஷன் வாங்குவது புகாருக்குரியது என்று ஒரு காலத்தில் எழுதிவைத்திருந்தார்கள் என்பது என் வரையில் பெரிய செய்தி. கோவை அண்ணன் சொல்வதுபோலக் கட்டணம் அவ்வளவு இயல்பானது என்றால் அந்த வரி ஏன் இருந்தது?

வங்கி ஊழியர், கோவை

"போதிய காரணமின்றி" என்பதையும் சேர்த்துப் படியுங்கள் தங்கச்சி. சேவைக் கட்டணத்தை வங்கியின் இயக்குநர் குழுவே தீர்மானிக்கலாம், அது நியாயமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அட்டவணை வாசலில் ஒட்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர், மதுரை

34 ஆண்டுகள் அரசு வங்கியில் இருந்தேன். அதில் 26 ஆண்டுகள் காசாளர் கூண்டுக்குள். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோவைத் தம்பிக்கு. நாணயத்தை மக்களிடம் கொண்டுசேர்க்க ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஊக்கத்தொகை தருகிறது. முன்பு நாணயப் பை ஒன்றுக்கு 25 ரூபாய். 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 65 ரூபாய். கிராமத்திலும் சிறு நகரத்திலும் கொடுத்தால் அதற்கு மேலும் பத்து ரூபாய். நாணயத்தை வெளியே தள்ளினால் வங்கிக்குக் காசு. அதே நாணயம் திரும்பி வந்தால் வாடிக்கையாளரிடம் காசு. இரண்டு வாசலிலும் வசூலித்துக்கொண்டு கைவேலைக்குக் கூலி என்று சொன்னால் என் மனம் ஒப்பவில்லை. ஒரு சமூகத்தில் காசு ஓட வேண்டும் என்பதற்காகத்தான் வங்கிக்கு உரிமம் கொடுக்கிறோம்.

ஆனால் தம்பி சொன்ன கைவேலை பொய்யில்லை. ஒரு திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பத்து மணிக்குக் கூண்டுக் கதவு திறக்கும். வாரச்சந்தைக்காரர்கள், கோயில் உண்டியல், பள்ளிக் கட்டணம், நகைக் கடன் வட்டி என்று முப்பது பேர் நிற்பார்கள். ஐந்தாவது ஆளாக ஒருவர் துணிப்பையைக் கவுன்ட்டரில் கவிழ்ப்பார். எடை போட்டு வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டு வாங்குவது இருவருக்கும் வசதி என்றும் சொல்லியிருக்கிறது. எடை போடுவது எப்படி? பழைய ஐந்து ரூபாய் 9 கிராம், 2011-இல் வந்தது 6 கிராம். இரண்டும் கலந்து கிடக்கும். 1992 முதல் வந்த ஒரு ரூபாயும் 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் அகலத்திலும் எடையிலும் ஒன்றுபோலவே இருக்கும், 25 மில்லிமீட்டர். கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும். எண்ணி முடித்தால் விரல் நுனி பத்தும் கறுத்துவிடும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்தக் கையோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார எனக்குப் பல நாள் மனம் வராது. மாலையில் கணக்கில் நாற்பது ரூபாய் குறைந்தால் அது என் பையிலிருந்துதான் போகும். வங்கி ஈடுகட்டாது.

அதற்குப் பிறகும் கதை முடியாது. வாங்கிய காசை யார் கேட்பார்கள்? பெட்டகத்தின் தரையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். 2023-இல் ஷீரடி சாயிபாபா கோயில் உண்டியல் நாணயத்தை வைக்க இடமில்லை என்று அந்த ஊர் வங்கிகள் கைவிரித்த செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை.

இப்போது குத்தகைக்காரத் தம்பிக்கு. நீங்கள் கட்டணத்திலிருந்து தப்பிப்பது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனால் தப்பித்த அந்தச் சுமை எங்கே போனது என்று பாருங்கள். கட்டணம் வாங்கும் வங்கியிடமிருந்து, கட்டணம் வாங்காத வங்கியின் கவுன்ட்டருக்குப் போனது. உங்கள் தொழிலால் அந்த வங்கிக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அதன் காசாளர் மட்டும் உங்கள் காசை எண்ணுகிறார். அது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். வரிசையில் யார் நிற்கிறார்கள்? அம்மாவுக்கு வயது என்ன?

மூன்றாவது, வாரம் பத்தாயிரம் என்றீர்கள். அம்மா நான்கு, மனைவி நான்கு, ஆக எட்டு. மீதி இரண்டாயிரம் எங்கே போகிறது?

வரி ஆலோசகர், மதுரை

காசாளர் ஐயா கேட்டதற்கு அவர் பதில் சொல்லட்டும். நான் குறுக்கே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆண்டில் ஒருவரின் சேமிப்புக் கணக்குகளில் ரொக்கமாகப் பத்து லட்சமோ அதற்கு மேலோ விழுந்தால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் அம்மா கணக்கில் வாரம் நான்காயிரம் என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் சொச்சம். வரம்புக்கு வெகு கீழே. ஆனால் வருமானமே இல்லாத ஒரு மூதாட்டியின் கணக்கில் ஏன் வாரந்தோறும் ரொக்கம் விழுகிறது என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. உங்கள் வரவு உங்கள் பெயரில் இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வையுங்கள்.

கழிப்பிடக் குத்தகைக்காரர், திண்டுக்கல் மாவட்டம்

காசாளர் ஐயா, இரண்டு நாட்களாக உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. நான்காயிரம் ரூபாய்க் காசு ஐந்து கிலோவுக்கு மேல் வரும். ஆட்டோவில் ஏற்றிவிடுவேன். பத்து மணிக்குப் போனால் சில நாள் பன்னிரண்டரைக்குத்தான் வருவார். ஒருமுறை கூட்டம் அதிகம், நாளை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர் என்னிடம் அதைச் சொல்லவேயில்லை. மனைவி சொல்லித்தான் தெரியும். 560 ரூபாய் மிச்சம் என்று நான் கணக்குப் போட்டேன். ஆட்டோவுக்குப் போகவர நூறு ரூபாய். அம்மாவின் அந்த இரண்டரை மணி நேரத்தைக் கணக்கில் எழுதவே இல்லை.

மீதி இரண்டாயிரத்தைக் கேட்டீர்கள். சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள். எங்களிடம் இரண்டு அக்காமார் தூய்மைப் பணி செய்கிறார்கள். வாரம் ஆறு நாள், ஆளுக்கு 2,400 ரூபாய். அதில் ஆயிரத்தை ஐந்து ரூபாய் நாணயமாகக் கொடுக்கிறேன். எண்ணிக் கட்டித்தான் கொடுக்கிறேன், ஒரு காசு குறையாது. அவர்கள் வேண்டாமென்று சொன்னதில்லை.

தறிக்காரர் மகன், குமாரபாளையம்

அவர்கள் வேண்டாமென்று சொன்னதில்லை என்ற வரியைப் படித்த பிறகு சும்மா போக முடியவில்லை.

என் அப்பா விசைத்தறியில் வேலை செய்தார். சனிக்கிழமை இரவு கூலி. முதலாளியின் தம்பி பெட்டிக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். அங்கே சேரும் சில்லறை எல்லாம் எங்கள் தறிப்பட்டறைக் கூலியாக வரும். அப்பா லுங்கி முனையில் முடிந்துகொண்டு வருவார். அம்மா பாயை விரித்து, பத்துப் பத்தாக அடுக்கச் சொல்வார். நானும் தங்கையும் அடுக்குவோம். எங்களுக்கு அது விளையாட்டு. அம்மாவுக்கு அது கவலை என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் காசோடு மளிகைக் கடைக்குப் போவார். முந்நூறு ரூபாய் சாமானுக்கு முந்நூறு ரூபாய் சில்லறை. கடைக்காரர் மற்றவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில்தான் எங்கள் பொட்டலத்தைக் கட்டுவார். வீட்டு வாடகையைச் சில்லறையாக வாங்க மாட்டேன் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். அதைத் தாளாக மாற்ற அம்மா ஓர் ஆளிடம் போவார். அவர் நூற்றுக்கு நான்கு ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். உங்கள் வங்கி பிடிப்பது ஐந்து. எங்கள் அம்மாவிடம் பிடித்தது நான்கு. அந்தக் கட்டணம் முதலாளியினுடையது. அப்பாவின் கூலியிலிருந்து போனது.

அப்பாவும் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. சொன்னால் திங்கட்கிழமை தறி இருக்காது.

நெல்லை மளிகை

தறிக்காரர் மகனே, உங்கள் அம்மாவைக் கடைசியில் நிற்க வைத்த அந்தக் கடைக்காரர் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். சில்லறையோடு வருகிறவரைக் கண்டால் எனக்கும் சலிப்பு வரும். எண்ணி முடிக்கும்வரை பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். சுமை இறக்குகிறவர்களுக்கு நானும் காசாகவே கொடுத்து அனுப்பியிருக்கிறேன், டீ குடிக்க உதவும் என்று சொல்லி. முதலில் எழுதியபோது வங்கிக்காரன், நாம் என்று இரண்டு கட்சிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

குத்தகைக்காரத் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அக்காமார் எங்கே சாமான் வாங்குகிறார்கள்? கழிப்பிடத்துக் காசு என்று தெரிந்தால் கடையில் வாங்குகிறார்களா?

கழிப்பிடக் குத்தகைக்காரர், திண்டுக்கல் மாவட்டம்

அக்கா, நேற்று போய்க் கேட்டேன். முதலில் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றார்கள். வற்புறுத்திக் கேட்டதும் மூத்தவர் சொன்னார். பேருந்து நிலையக் கடைகளில் அந்தக் காசைக் கையில் வாங்க மாட்டார்களாம். தட்டில் போடச் சொல்வார்களாம். ஒரு கடையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்தார்களாம். அதனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, இவரை யாரென்று தெரியாத இடத்தில் போய் வாங்குகிறாராம். நான் தினமும் அதே காசைக் கையால் எண்ணுகிறேன். என்னிடம் அந்தக் கடைக்காரர்கள் அப்படி நடந்துகொண்டதே இல்லை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

சட்டக் கல்லூரி மாணவி

ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும், சொல்லக் கசப்பாகவும் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் கூலியை "நடப்பு நாணயத்திலோ தாளிலோ" கொடுக்கலாம் என்றுதான் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பழைய சட்டம் அப்படி எழுதப்பட்டதற்கு நல்ல காரணம் இருந்தது. தோட்டங்களிலும் ஆலைகளிலும் பணத்துக்குப் பதில் முதலாளி கடையில் மட்டும் செல்லும் சீட்டையும் பொருளையும் கொடுத்து ஏமாற்றுவதைத் தடுக்க அது தேவைப்பட்டது. அதனால் நாணயமாகக் கூலி கொடுப்பது சட்டமீறல் ஆகாது. அண்ணன் செய்ததில் அந்தக் கூலிதான் சட்டத்துக்கு முழுக்க உட்பட்டது. அம்மா கணக்கில் போட்டதுதான் வங்கி விதிக்கு மாறானது. எனக்கோ முதலாவதுதான் பெரிய தவறாகத் தெரிகிறது. விதிப்புத்தகத்தை வைத்து மட்டும் இதை அளக்க முடியாது.

வங்கி ஊழியர், கோவை

மாணவி சொன்னதை ஏற்கிறேன். நான் முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். கட்டணம் கைவேலைக்குக் கூலி என்றேன். எங்கள் கிளையில் நாணயம் எண்ணும் தம்பி ஒப்பந்த ஊழியர். கட்டணம் வந்த பிறகு அவர் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. காசாளர் ஐயா சொன்ன ஊக்கத்தொகையும் அவர் கைக்குப் போவதில்லை.

கட்டணமே தவறு என்று நான் இன்னமும் சொல்ல மாட்டேன். ஓர் ஆலையோ பெரிய கடையோ மாதம் மூட்டை மூட்டையாக இறக்கினால் விலை இருக்க வேண்டும். ஐந்து ரூபாயாக வசூலிப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத தொழிலுக்கு அதே ஐந்து விழுக்காடு என்பது அதிகம். கிளை மேலாளருக்கு விலக்குக் கேட்டு மேலே எழுத அதிகாரம் உண்டு. எழுத்தில் கொடுங்கள், பெறுகை முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியாக இல்லாவிட்டாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கியில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

தனியார் பஸ் நடத்துநர்

இந்த இழையை இரவுப் பணி முடித்துவிட்டுப் படித்தேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. நீங்கள் எல்லோரும் சில்லறையை எங்கே தள்ளுவது என்று பேசுகிறீர்கள். நான் தினமும் காலை ஐந்தரைக்குச் சில்லறைக்கு அலைகிறேன். முதல் நடையில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார்கள். சில்லறை இல்லாமல் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்தால் இறங்கும்போது சண்டை. ஐந்து ரூபாய்க் காசு இருநூறு வேண்டுமென்றால் ஒரு கடையில் ஆயிரத்துக்கு ஐம்பது கமிஷன் கேட்கிறார். கொடுத்து வாங்கியிருக்கிறேன். வங்கியில் கேட்டால் கணக்கு இருக்கிறதா, எவ்வளவு வேண்டும், நாளை வாருங்கள் என்பார்கள். 2023-இல் ரிசர்வ் வங்கி 12 நகரங்களில், ஸ்கேன் செய்தால் நாணயம் கொட்டும் இயந்திரத்தைச் சோதனைக்கு வைக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்க்கவில்லை.

நான் திண்டுக்கல் வழியாகத்தான் போகிறேன். கழிப்பிடத்துக் காசு, கோயில் காசு என்றெல்லாம் எனக்கு இல்லை. பஸ்ஸில் வருகிற காசு எங்கெங்கே இருந்ததென்று யாருக்குத் தெரியும்?

ஓய்வுபெற்ற காசாளர், மதுரை

நடத்துநர் தம்பி, கமிஷன் வாங்கும் அந்தக் கடைக்காரர் செய்வதும் வங்கி செய்வதும் ஒன்றுதான். ஒரு பக்கம் காசு குவிந்து அழுகிறது, ஒரு பக்கம் காசில்லாமல் சண்டை. நடுவில் நிற்பவர் இரு கையாலும் வாங்குகிறார். நான் பணியில் இருந்தபோது பேருந்து முதலாளி ஒருவர் வாரம் இருமுறை வந்து நூறு நூறு பையாக எடுத்துப் போவார். அவர் வரும் நாள் எனக்குப் பண்டிகை. பெட்டகத்தில் தரை தெரியும்.

குத்தகைக்காரத் தம்பி, அரசு வங்கிக் காசாளரிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். எட்டு மாதமாக எண்ணியவர் அவர். கூட்டமில்லாத நேரத்தில் போங்கள், வகை பிரித்துப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பழைய ஐந்து தனி, புதிய ஐந்து தனி.

கழிப்பிடக் குத்தகைக்காரர், திண்டுக்கல் மாவட்டம்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை அக்காமாருக்கு முழுக்கூலியும் தாளாகக் கொடுத்தேன். மூத்தவர் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "காசு பை?" என்று கேட்டார். இனிமேல் இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கேட்பேன்.

அம்மாவை இரண்டு வாரமாக அனுப்பவில்லை. மனைவி கணக்கிலும் போடவில்லை. வரி ஆலோசகர் சொன்னபடி பழைய எட்டு மாதத்தையும் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன். கூட்டமில்லாத நேரத்தில் அரசு வங்கிக்குப் போய் அந்தக் காசாளரைப் பார்த்தேன். இளம்பெண். உங்கள் அம்மா வருவதில்லையே, உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, தொழில் காசு என்றால் இங்கேயே ஒரு நடப்புக் கணக்குத் தொடங்கிக்கொள்ளுங்கள், பை பையாகப் பிரித்துக் கொண்டுவந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன், மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தனியார் வங்கிக்கும் கோவை அண்ணன் சொன்னபடி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். அதுவரை அங்கே கட்டணத்தோடுதான் கட்டுகிறேன். இரண்டு வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் போனது. வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது என் செலவு.

நடத்துநர் அண்ணனுக்கு: உங்கள் வண்டி எத்தனை மணிக்கு இங்கே நிற்கும்? ஐந்து ரூபாய் நூறு நூறாகப் பன்னிரண்டு பை கட்டி வைத்திருக்கிறேன். கமிஷன் எதுவும் வேண்டாம்.

தனியார் பஸ் நடத்துநர்

காலை ஆறு பத்துக்கு நான்காவது நடைமேடை, எட்டு நிமிடம் நிற்போம். வியாழக்கிழமை நான்கு பை எடுத்துக்கொள்கிறேன், இரண்டாயிரத்துக்குத் தாள் கொண்டுவருவேன். எங்கள் முதலாளிக்கு இன்னும் ஐந்து வண்டி ஓடுகிறது. அவற்றின் நடத்துநர்களிடமும் சொல்லி வைக்கிறேன். முடிந்தால் ஒரு பை இரண்டு ரூபாயும் போட்டு வையுங்கள்.